ஒன்பது படி மிச்சம்

ஜனவரி 8

அன்பரசி தொலைபேசியில் அழைத்தாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கடைசி வரிசையில் உறங்கியவள். இப்போது பாடநூல் பதிப்பகம் நடத்துகிறாள். கல்லூரி மாணவர்களுக்காக ஆங்கிலச் சொற்களின் பொருளையும் வழக்கையும் விளக்கும் கையேடு ஒன்று கொண்டுவருகிறாளாம். நூறு சொற்களை நான் எழுத வேண்டும். ‘ஏ’யும் ‘பி’யும் வேறொருவர் எழுதி முடித்துவிட்டாராம். ‘சி’ வரிசையில் அடுத்தது காம்ப்ரமைஸ். அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறாள்.

பிலோமினா மருத்துவமனையிலிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இடுப்பு எலும்பில் ஆணி வைத்திருக்கிறார்கள். ஆட்டோ நிறுத்தத்துக்காரர்கள் இருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். ஐம்பத்து நான்கு படிகள். வழி நெடுக, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருந்த தொட்டிச் செடிகளின் தாவரவியல் பெயர்களை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவள் வேறு எப்படி வருவாள்.

ஜனவரி 11

வரைவு ஒன்று: இரு தரப்பினரும் தாம் வேண்டியதில் ஒரு பகுதியைக் கைவிட்டு, இருவருமே முழு மனத்துடன் விரும்பாத ஒரு முடிவுக்கு உடன்படுதல். ஆங்கிலத்தில் அதை அடைவார்கள் (‘ரீச்’), அல்லது அதற்கு வந்து சேர்வார்கள் (‘கம் டு’). ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்தால் அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் வேறு பிழைப்பு நடத்துகிறது. காலையில் மீன்காரர் கீழிருந்து குரல் கொடுத்தார்: “மேடம், வஞ்சிரம் இல்ல. சங்கராதான் இருக்கு. காம்ப்ரமைஸ் பண்ணிக்குங்க.” அவர் எதையும் கைவிடவில்லை. விலையைக்கூட. குறித்து வைத்தேன்.

சங்கரா நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 19

பிலோவுக்குக் கண்ணில் ஊசி போடும் நாள். விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறது. மாதம் ஒரு முறை இரு கண்களிலும் ஊசி போட்டுக்கொண்டால் உள்ள பார்வை நிற்கும், விட்டால் போகும். சென்ற ஆண்டு முழுவதும் தவறாமல் போனோம். அப்போது அவள் தன் காலால் இறங்கினாள்.

இன்று அதே நாற்காலி, அதே இருவர். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியின் பின்கால் வழுக்கியது. விழவில்லை. சுவரில் உரசியதில் பிலோவின் முழங்கை தோல் பெயர்ந்தது. ஊசி போட்டுத் திரும்பி, மேலே வந்து சேரும்வரை அவள் எந்தச் செடிக்கும் பெயர் சொல்லவில்லை.

“இதான் கடைசி, வசு. இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம். நான் என்ன கேஸ் சிலிண்டரா?”

“அடுத்த மாசம் ஊசிக்கு?”

“நடந்து போனா போறேன். இல்லன்னா இல்ல.”

அவளை வற்புறுத்திப் பயனில்லை. 1983இல் இருவரும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கியபோதே தெரிந்துகொண்டேன்.

ஜனவரி 28

குடியிருப்போர் சங்கக் கூட்டம். எட்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். லிஃப்ட் வைக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். முன்பக்கக் காற்றுவெளியில் வைத்தால் ஒவ்வொரு தளத்திலும் வீட்டு வாசலுக்கு நேராகக் கதவு திறக்கும். முதல் மாடி ஷகிலா பானு சங்கத்தின் செயலாளர், மருந்துக்கடை வைத்திருப்பவர். கம்பெனிக்காரரை வரவழைத்து அளவெல்லாம் எடுத்து வைத்திருந்தார். ஏழு பேர் சரி என்றார்கள்.

தரைத்தளம் மருதப்பன் மட்டும் எழுந்து நின்றார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சட்டைப்பையில் இன்னமும் அளவுநாடா வைத்திருக்கிறார்.

“லிஃப்ட் வேணாங்கல. அந்த எடத்துல வேணாம். எங்க அடுப்படிக்கு இருக்கறது ஒரே ஜன்னல். அதுக்கு நேரா இரும்புப் பெட்டிய எறக்குனா காந்திமதி இருட்டுல சமைக்கணும். அவளுக்கு ஏற்கெனவே இழுப்பு.”

“எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கலாமே சார்,” என்றார் ஷகிலா.

“ஒங்க கடைல ஜன்னல அடச்சிட்டு ஃபேன் போட்டுக்கறீங்களாம்மா?”

பெரும்பான்மையால் முடிவு செய்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். முடியாது. சங்க விதி பதினான்கின்படி, பொது இடத்தில் எதைக் கட்டுவதானாலும் வீட்டு உரிமையாளர் அனைவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். விதியில் ஓட்டை எதுவும் இல்லை. 1992இல் அதை எழுதியவள் நான்.

பிப்ரவரி 4

மருதப்பன் வீட்டுக்குப் போனேன். சமையலறையைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மனைவி காந்திமதி வெட்கப்பட்டுக்கொண்டு பாத்திரங்களை ஒதுக்கினார். ஜன்னல் இரண்டடி அகலம். அதன் வழியாக வரும் வெளிச்சம் அரிவாள்மணை வரை எட்டுகிறது, அதற்கு அப்பால் இல்லை.

“டீச்சரம்மா கண்ணு எப்படி இருக்கு?” என்று கேட்டார். தாளித்த புகைக்கு இருமினார். கையில் ஒரு டப்பா புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பினார்.

அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. அது எனக்கு வசதியாக இல்லை.

பிப்ரவரி 16

ஊசி நாள். போகவில்லை.

பிப்ரவரி 25

மறுபடியும் கூட்டம். ஒரு மனிதரின் சமையல் வெளிச்சத்துக்காக ஒருத்தியின் பார்வை போக வேண்டுமா என்று கேட்டேன். வாக்கியத்தை முந்தைய நாளே அமைத்து வைத்திருந்தேன். நன்றாக விழுந்தது. மருதப்பன் சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பேட்டைத் திறந்தார். பக்கத்தில் அடையாளத்துக்குப் பேருந்துச் சீட்டு ஒன்று வைத்திருந்தார்.

“ரெண்டாம் மாடி வேங்கடகிருஷ்ணன் சார், அவங்க வீட்டம்மாவுக்கு முட்டி போனப்ப லிஃப்ட் கேட்டாரு. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. எழுத்துல ஒருத்தர்தான் மறுப்புக் குடுத்துருக்காங்க. படிக்கட்டுமா மேடம்?”

“வேண்டாம். எழுதியது எனக்கு நினைவிருக்கிறது.”

“படி ஏறி இறங்குவது முதியோரின் உடல்நலத்துக்கு உகந்தது, கட்டடத்தின் அமைதியையும் தோற்றத்தையும் காப்பது நம் கடமை,” என்று அவர் படித்தேவிட்டார். நடை தெளிவாகத்தான் இருந்தது. வேங்கடகிருஷ்ணன் அந்த வருடமே வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போனார். அவர் மனைவியின் முட்டியைப் பற்றி நான் அப்போது விசாரிக்கவில்லை.

பிலோவிடம் கூட்டம் பயனற்றது என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 3

மருதப்பன் ஐம்பத்து நான்கு படி ஏறி வந்தார். பிலோ உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள். மேசை மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். பென்சிலால், அளவு பிசகாமல் வரைந்தது.

“பின்பக்கம் வெச்சுட்டா எனக்கு ஆட்சேபணையே இல்ல. படிக்கட்டுச் செவுத்த ஒட்டி வெளியில எழுப்பலாம். வாழை மரம் நிக்குதே, அந்த எடம். ஒரே ஒரு சங்கடம். அங்க மாடிக்கு மாடி வாசல் வராது. படி திரும்புற எடத்துலதான் கதவு வெக்க முடியும்.”

“அதாவது பாதித் தளத்தில்.”

“ஆமா. ஒங்க வீட்லேருந்து ஒம்போது படி எறங்கணும். ஐம்பத்து நாலு, ஒம்போதாயிடும்.”

“இடுப்பில் ஆணி வைத்தவளுக்கு ஒன்பது படியும் படிதான், மிஸ்டர் மருதப்பன்.”

“வாழை மரமும் நான் வெச்சதுதான் மேடம். குலை தள்ளியிருக்கு. வெட்டிக்கறேன்னுதான் வந்திருக்கேன். நானும் கொஞ்சம் எறங்கி வரேன், நீங்களும் கொஞ்சம் எறங்கி வாங்க.”

நகைச்சுவையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 5

மருதப்பனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன், பிரதி ஷகிலாவுக்கு. படியில் ஏற முடியாதவளுக்காக வைக்கும் லிஃப்டுக்குப் போகப் படி இறங்க வேண்டுமென்பது, பாதி ஆற்றுக்குப் பாலம் கட்டுவதாகும். இரு தரப்பையும் சமமாக ஏமாற்றும் ஏற்பாட்டுக்கு நான் இணங்குவதற்கில்லை. ஒரு வழக்கறிஞரிடமும் கருத்துக் கேட்டிருக்கிறேன்.

கடிதத்தை இரண்டு முறை திருத்தினேன். பிலோ என்ன எழுதுகிறாய் என்றாள். கையேடு என்றேன்.

மார்ச் 15

ஊசி நாள்.

மார்ச் 22

ஷகிலா கடையை அடைத்துவிட்டு மதியம் வந்தார். கையில் ஒரு காகிதம். பின்பக்க லிஃப்டுக்குச் சம்மதம் என்று அச்சிட்டு, கீழே எட்டுக் கோடுகள். ஏழு கோடுகளில் கையெழுத்து இருந்தது. முதல் கையெழுத்து மருதப்பனுடையது.

“நீங்க போட்டா நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடலாம் மேடம். மூணு மாசத்துல வேல முடிஞ்சிரும்னு கம்பெனிக்காரர் சொல்றார்.”

“முழுமையான தீர்வாக இல்லை, ஷகிலா.”

“நீங்க எழுதுன ரூலுதான் மேடம் இது. எட்டுப் பேரும் போடணும். இப்ப ஒருத்தர்தான் பாக்கி. தப்பா நெனைக்காதீங்க. ஜனவரில மருதப்பன் சார் ஒத்தையா நின்னப்ப எல்லாரும் அவரத் திட்டுனோம்.”

வழக்கறிஞரின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்றேன். காகிதத்தை மேசையில் விட்டுச் சென்றார். அதன் மேல் அகராதியை வைத்தேன், மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க.

ஏப்ரல் 2

திண்டுக்கல்லிலிருந்து பிலோவின் அண்ணன் மகன் லாரன்ஸ் அழைத்தான். “அத்தைய இங்க கூட்டிட்டு வந்துடறோம், வசுந்தரா ஆன்ட்டி. கீழ் வீடுதான். ஆஸ்பத்திரியும் பக்கம். நீங்க அத்தைகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?”

சொல்கிறேன் என்றேன். வீட்டில் சலவை வேலை இருந்தது.

ஏப்ரல் 4

லாரன்ஸ் அழைத்ததைப் பிலோவிடம் சொன்னேன்.

“எப்ப கூப்பிட்டான்?”

“சமீபத்தில்.”

“நீ என்ன சொல்றே?”

“உன் விருப்பம்.”

“அதக் கேக்கல.” சிறிது நேரம் நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். பிறகு, “அவன் வீட்ல காலைல ஆறு மணிக்கு டி.வி. போட்டுடுவான். எனக்கு ஒத்துவராது,” என்றாள்.

இரவுக்கு அடை வார்த்தேன். மூன்று தின்றாள்.

ஏப்ரல் 12

ஊசி நாள். பிலோ செய்தித்தாளை வாசிக்கச் சொன்னாள். கண்ணாடியைத் துடைக்கச் சோம்பலாக இருக்கிறதாம். முதல் பக்கம் தொடங்கி வரிவிளம்பரம் வரை வாசித்தேன். முருங்கைக்காய் நறுக்கியபோது துண்டுகள் ஒன்றுபோல் இல்லை. கத்தி மழுங்கிவிட்டது என்றாள். கத்தியைத் தீட்டக் கொடுத்தேன்.

ஏப்ரல் 19

வரைவு நான்கு. அன்பரசி இரண்டு முறை நினைவூட்டிவிட்டாள். சமரசம் என்று எழுதினால் சண்டை ஓய்ந்த வாடை வருகிறது. விட்டுக்கொடுத்தல் என்றால் ஒருவர் மட்டும் கொடுக்கிறார். நீதிமன்றத்தில் ராஜி என்பார்கள், மாணவருக்கு விளங்காது. குறைபாட்டோடு ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். மனம் வரவில்லை.

வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். விதி பதினான்கு உறுதியானது, யாரையும் கட்டாயப்படுத்த இயலாது. விதியை வரைந்தவரின் தெளிவைப் பாராட்டியும் ஒரு வரி.

ஏப்ரல் 30

ஓய்வூதியத்துக்கான சான்றிதழ் வேலையாக வங்கிக்குப் போனேன். சர்வர் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினொன்றரைக்கே திரும்பினேன்.

படி திரும்பும்போது குரல் கேட்டது.

“நல்ல கால மேல வெக்கணும், நோவுற கால கீழ வெக்கணும். அதான் டீச்சர். பயப்படாதீங்க, நான் கீழதான் நிக்கறேன்.”

“நீ நின்னு என்ன பிரயோசனம் காந்திமதி? நான் விழுந்தா உன்னையும் சேத்துல்ல தூக்கணும்.”

“ரெண்டு நாற்காலி சொல்லிக்கலாம்.”

இருவரும் சிரித்தார்கள். காந்திமதியின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூன்றாம் மாடிக்குக் கீழே திருப்பத்தில் பிலோ நின்றாள், ஒரு கை கைப்பிடியில். காந்திமதியின் இடுப்பில் மூச்சிழுப்புக்கான பம்ப் செருகியிருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

“எத்தனை நாளாக?” என்றேன்.

“ஒரு மாசமாச்சு,” என்றாள் பிலோ. “நீ லைப்ரரி போற செவ்வாய், வெள்ளி. மொதல்ல ரெண்டு படி. இப்ப ஒம்போதும் எறங்கிடறேன். ஏறுறதுக்குத்தான் கொஞ்சம் நேரமாவுது.”

“இந்தத் திட்டம் உனக்கு எப்படித் தெரியும்?”

“கட்டடத்துல எட்டு வீடு, வசு. உன்னத் தவிர எல்லாரும் எங்கிட்டப் பேசறாங்க.”

மே 1

காலையில் காப்பி குடிக்கும்போது பிலோ பேசினாள். அவள் கோப்பையைப் பார்க்கவில்லை. விரலால் விளிம்பைத் தடவிப் பிடித்தாள்.

“அந்தக் காயிதம் எங்க?”

“அகராதிக்குக் கீழே.”

“எடுத்துப் போடு கையெழுத்த.”

“பிலோ, ஒன்பது படிகளை வருடக்கணக்கில் உன்னால் ஏற முடியாது. ஒரு முறை ஒப்புக்கொண்டால் பிறகு முன்பக்கத்தைக் கேட்க முடியாது. என் எண்ணமெல்லாம்...”

“உன் எண்ணம் எனக்குத் தெரியும். நீ ஜெயிக்கணும்னு பாத்தே. நான் கீழ எறங்கணும்னு பாத்தேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டே.”

அகராதியை நகர்த்தினேன். கையெழுத்திட்டேன். தேதியும் இட்டேன். நானே ஷகிலாவின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, கல்லாவில் வைத்துப் பூட்டினார். நல்ல வளர்ப்பு.

மே 9

மருதப்பன் வாழையை வெட்டினார். குலையை எட்டாகப் பங்கிட்டு வீட்டுக்கு வீடு அனுப்பினார். எங்களுக்கு வந்த சீப்பு மற்றவர்களுடையதைவிடச் சிறியதாக எனக்குத் தோன்றியது. பிலோ சரியாகத்தான் இருக்கிறது என்றாள். அவள் எப்படிக் கண்டாள் என்று நான் கேட்கவில்லை.

நாற்காலியில் ஒரே ஒரு முறை போய் ஊசி போட்டுவந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். லிஃப்ட் வரட்டும் என்கிறாள்.

ஜூன் 14

பின்பக்கம் இரும்புத் தூண்கள் எழுந்துவிட்டன. பகல் முழுவதும் துளையிடும் ஓசை. சுவரை உடைத்த தூசி வீட்டுக்குள் வருகிறது. தினமும் இரண்டு முறை தரை துடைக்கிறேன்.

காந்திமதி செவ்வாய், வெள்ளிகளில் வருகிறார். நான் இப்போது நூலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன். அவர்கள் பழகும்போது நானும் நிற்கிறேன். எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லப்படுகிறது.

ஜூலை 3

கையேட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். “இரு தரப்பினரும் தாம் வேண்டியதில் ஒரு பகுதியை இழந்து, தமக்குத் தேவையானதைப் பெறும் உடன்பாடு. வேண்டியது எது, தேவையானது எது என்று பிரித்தறிந்தபின் செய்துகொள்வது. காலந்தாழ்த்திச் செய்தால் பயன் குறையும்.”

அன்பரசி அழைத்தாள். “மேடம், கடைசி வரி அர்த்தத்துல சேராதே. அகராதில எதுலயும் இல்லையே. எடுத்துடவா?”

“வழக்கு என்ற தலைப்பின் கீழ் போடு,” என்றேன்.

ஜூலை 31

லிஃப்ட் ஓடுகிறது. நான்கு பேர் நிற்கலாம். கதவு மூடும்போது ஒரு பெண்குரல் தயவுசெய்து கதவை மூடவும் என்று, மூடிய பின்னரும் சொல்கிறது. மருதப்பன் அளவுநாடாவால் கதவின் அகலத்தை அளந்து, வரைபடத்தைவிட ஓர் அங்குலம் குறைவு என்று கம்பெனிக்காரரிடம் வாதிட்டுக்கொண்டிருந்தார். நானும் கலந்துகொண்டேன். அந்த ஓர் அங்குலத்தில் நாங்கள் இருவரும் முழுமையாக உடன்பட்டோம்.

ஆகஸ்ட் 2

கண் மருத்துவமனை. பிலோ ஒன்பது படியை இறங்கி, லிஃப்டில் போய், ஆட்டோ வரை நடந்தாள். யாரும் தூக்கவில்லை. தரைத்தளத்தில் காந்திமதி ஜன்னலுக்குள்ளிருந்து கையை ஆட்டினார். நான் பிலோவிடம் சொன்னேன். அவள் அந்தத் திசையில் கையைத் தூக்கினாள்.

மருத்துவர் இளைஞர். படங்களை இரண்டு முறை பார்த்தார். இடக்கண்ணைக் காப்பாற்றிவிடலாம், ஊசியைத் தொடர வேண்டும். வலக்கண்ணில் நடுப்பகுதி தழும்பாகிவிட்டது. இனி ஊசி போட்டும் பயனில்லை.

“ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இதுலயும் கொஞ்சம் நிறுத்திருக்கலாம்மா,” என்றார். அவர் குற்றம் சாட்டவில்லை. இப்படிப் பலரிடம் சொல்லிப் பழகியிருப்பார்.

நான் மறுப்புக் கடிதம் எழுதிய மார்ச் ஐந்திலிருந்து கையெழுத்திட்ட மே ஒன்று வரை ஐம்பத்தேழு நாட்கள்.

பிலோ என் பக்கம் திரும்பவில்லை. “ஒண்ணு இருக்குல்ல டாக்டர். அது போதும், முருங்கைக்காய் நறுக்க,” என்றாள். ஊசி போட்டுக்கொண்டு, இடக்கண்ணில் பஞ்சு ஒட்டி, பிற்பகல் இரண்டுக்குத் திரும்பினோம். பஞ்சை வாசலுக்கு வந்ததுமே பிய்த்து எறிந்தாள். மாலை வரை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

லிஃப்ட் பாதித் தளத்தில் நின்றது. ஏற வேண்டிய ஒன்பது படிகள். கைப்பிடி இடப்பக்கம். நான் வழக்கம்போல அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“அங்க நிக்காதே,” என்றாள். “வலது பக்கமா வா. அந்தப் பக்கம்தான் எனக்கு ஒண்ணும் தெரியல. உன் மூஞ்சியப் பாக்காம நிம்மதியா ஏறுவேன்.”

வலப்பக்கம் போய் நின்றேன். அவள் என் மேற்கையைப் பற்றிக்கொண்டாள். வலிக்கும்படிதான் பற்றினாள். ஒன்பது படிகளுக்கும் ஆறு நிமிடம் ஆயிற்று.